அடிமானம் வேறானால் மடக்கையின் மதிப்பு காண்பது எப்படி?

லாக்₈ 32 என்றால் என்ன கேட்கிறார்கள்? 8-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 32 வரும் என்பதுதான். இதில் 8 அடிமானம், அந்த அடுக்கே மடக்கை (லாக்). எனவே சூத்திரத்தைத் தேடுமுன், இரண்டு எண்களும் ஒரே எண்ணின் அடுக்குகளா என்று பாருங்கள். 8 = 2³, 32 = 2⁵. விடையை க என வைத்தால் 3க = 5, க = 5/3. இதையே மடக்கை அட்டவணையில் தேடி 1.5051-ஐ 0.9031-ஆல் வகுத்தால் 1.667 என்ற தோராயம்தான் மிஞ்சும், வேலையும் அதிகம்.

லாக்₄ (1/8)-க்கும் இதே வழி: 2க = −3, விடை −3/2. குறை எண் வந்ததும் பலர் அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். தேவையில்லை. மடக்கை காணும் எண்ணும் அடிமானமும்தான் மிகையாக இருக்க வேண்டும் (அடிமானம் 1 ஆகக் கூடாது). விடை எதுவாகவும் இருக்கலாம்.

லாக்₅ 20-இல் இந்த வழி உதவாது. 5¹ = 5, 5² = 25; ஆக விடை 1-க்கும் 2-க்கும் இடையில், 2-ஐ ஒட்டி இருக்கும். இந்த மதிப்பீட்டை ஓரத்தில் குறித்துக்கொண்டு அடிமான மாற்று விதிக்குப் போங்கள்:

லாக்₅ 20 = லாக்₁₀ 20 ÷ லாக்₁₀ 5 = 1.3010 ÷ 0.6990 ≈ 1.861

பழைய அடிமானம் பகுதிக்கு, அதாவது கீழே, போகிறது. தலைகீழாக வகுத்தால் 0.537 வரும், ஓரத்துக் குறிப்பு உடனே காட்டிக்கொடுக்கும். மேலும் கீழும் ஒரே அடிமானமாக இருந்தால் போதும், 10 ஆகவே இருக்க வேண்டியதில்லை. இயல் மடக்கையிலும் (அடிமானம் e ≈ 2.718) 2.9957 ÷ 1.6094, அதே 1.861.

அதிகம் மதிப்பெண் போவது வேறோர் இடத்தில்: லாக் 20 ÷ லாக் 5-ஐ லாக் 4 என்று சுருக்குவது. லாக் 4 என்பது லாக் 20-இலிருந்து லாக் 5-ஐக் கழித்தால் வருவது, மதிப்பு 0.6021. கால்குலேட்டரில் 20-க்குப் பின் அடைப்புக்குறியை மூடாவிட்டாலும் தவறான எண்தான் வரும்: அது லாக் (20 ÷ லாக் 5) என்று எடுத்துக்கொண்டு 1.457 காட்டும்.

ஒரே சமன்பாட்டில் பல அடிமானங்கள் வந்தால், மிகச் சிறியதற்கு மாற்றுங்கள்.

லாக்₂ க + லாக்₄ க + லாக்₈ க = 11

லாக்₂ க = ப என்க. லாக்₂ 4 = 2, லாக்₂ 8 = 3 என்பதால் மற்ற இரண்டும் ப/2, ப/3. கூட்டினால் 11ப/6 = 11; ப = 6, க = 64. சரிபார்க்க: 6 + 3 + 2 = 11.