பொலிநாய் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். அயர்லாந்தில் கிரேஹவுண்ட் என்ற பந்தய நாய் வளர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தன் பெட்டைக்கு இணை சேர்க்கப் பொலிநாய், அதாவது இனவிருத்திக்கான ஆண் நாய், தேடிக்கொண்டிருந்தான். "அண்ணா, பெரிய பந்தயம் ஜெயிச்ச நாய், ஸ்டட் கட்டணம் கட்டிட்டேன்" என்றான். இணை சேர்ப்பதற்கு அந்த நாயின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் காசு அது. அதோட குட்டிகள் எப்படி ஓடுகின்றன என்று கேட்டேன். பதில் இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான். தடுப்பூசி, குடற்புழு மருந்தெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

கோப்பையைப் பார்த்துக் காசு கட்டுவது

இங்கிலாந்தின் ஃபுல்லர்ட்டன் என்ற கிரேஹவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முயல் துரத்தும் போட்டியான வாட்டர்லூ கோப்பையை 1889-இல் இன்னொரு நாயோடு பகிர்ந்துகொண்டான், 1890, 1891, 1892 மூன்று வருடமும் தனியாகவே வென்றான். ஆனால் பொலிநாயாக அவனால் ஒன்றும் ஆகவில்லை. மட்டன் கட்லெட் என்ற நாய் நேர் எதிர். அதே கோப்பையில் ஓடினான், வெல்லவில்லை, ஆனால் 1920களிலிருந்து அயர்லாந்து வம்சங்களில் ஆழமாக இறங்கிய ரத்தம் அவனுடையது. தான் ஓடுவது வேறு, ஓட்டத்தைக் குட்டிக்குக் கொடுப்பது வேறு.

எனக்கு இது புரிய ஒரு முழு ஈத்து போனது. ஏழு குட்டிகள், பார்க்க அவ்வளவு அழகு. நேர்பாதையில் அம்பு மாதிரி வருவார்கள், முதல் வளைவு வந்ததும் ஒவ்வொருவராக வெளிப்பக்கம் அகன்று போவார்கள், ஏழு பேரும் அப்படியே. அந்தத் தகப்பனின் முந்தைய ஈத்துக் குட்டிகளை இரண்டு சனிக்கிழமை டிராக்கில் நின்று பார்த்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும். இணை சேர்ந்து 63 நாளில் குட்டி, அப்புறம் பந்தயத்தில் இறங்க ஒன்றேகால் வயதாவது ஆகும். தப்பு என்று தெரியவே அவ்வளவு காலம், அத்தனை நாள் தீனிச் செலவு. இன்றைக்கும் இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஜெயித்த குட்டிகளை மட்டும் எண்ணுவது

இங்கிலாந்தில் காசு கட்டினால் யாருடைய பெட்டைக்கும் கிடைக்கும் பொலிநாய் என்று பெயரெடுத்த முதல் பெரிய நாய் கிங் காப், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அந்த வழக்கம் வந்த பிறகு பேர்போன நாய்க்குப் பெட்டைகள் வரிசையில் வரும், குட்டிகள் நூற்றுக்கணக்கில் பிறக்கும், அதில் நாலு ஜெயிக்கத்தான் செய்யும். நூறில் எத்தனை டிராக்குக்கே வந்தன, சுமாரான பெட்டைக்குப் பிறந்தவை எப்படி ஓடின என்று கேளுங்கள். நல்ல பெட்டைகள் மட்டுமே போன இடத்தில் பாராட்டு தாய்க்கா தகப்பனுக்கா என்று பிரிக்கவே முடியாது.

பெட்டையை மறப்பது

பாதி ரத்தம் அவளுடையது.

பெயரை மட்டும் நம்புவது

சொன்ன நாய்தானா என்று தெரிய, காதில் பச்சை குத்திய அடையாள எழுத்தை நாயின் பதிவோடு ஒப்பிடுங்கள்.

அந்தத் தம்பியின் பெட்டை இன்னும் பருவத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை அந்த நாயின் குட்டிகள் மூன்று ஓடுகின்றன, வளைவுக்குப் பக்கத்தில் போய் நில் என்று சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன்.