வேண்டுதலையும் அறிவையும் ஒரே வீட்டில் வைத்திருக்கும் முறை

பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கிய காலத்திலிருந்தே இங்குள்ள தமிழர் வீடுகளில் 'பகுத்தறிவா, பக்தியா' என்ற வாக்குவாதம் ஓயவில்லை. அந்தக் கேள்வியை மொத்தமாகக் கேட்டால் ஒரு முடிவும் கிடைக்காது. வீட்டில் எழும் ஒவ்வொரு பேச்சையும் தனியாக எடுத்துப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும்.

பேச்சைப் பிரியுங்கள்

இனிப்பு நீர் உள்ள அம்மா, "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில பால்குடம் எடுத்தா சீனி குறையும்" என்கிறார். ஒரு தாளில் இதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சீனி குறையும் என்பது உடம்பைப் பற்றியது, அளந்து பார்க்கலாம். முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது மனத்தைப் பற்றியது, அதை அளக்கும் கருவி எதுவும் இல்லை. வெறுங்காலோடு குடம் சுமந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறுவது செயல். அதில் ஆபத்து உண்டா என்று பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும்.

சைவ சித்தாந்தம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல் சொல்வது) என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஏற்கிறது. மணிமேகலையில் வரும் பௌத்த தருக்கம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. உரையை ஏற்கும் சித்தாந்தியும் அடுப்பில் தீ இருக்கிறதா என்று அறிய ஆகமத்தைப் புரட்டுவதில்லை. கண்ணால் காணக்கூடியதைக் கண்டுதான் அறிய வேண்டும். பக்தியுள்ள வீட்டிலும் இதை மனத்தாங்கல் இல்லாமல் சொல்லலாம்.

அளக்கக்கூடியதை அளந்துவிடுங்கள்

இரத்தச் சீனியின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனையைத் தைப்பூச விரதத்துக்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுங்கள். என்ன முடிவு வந்தால் என்ன பொருள் என்பதை முதல் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். முடிவு வந்த பிறகு விளக்கம் தேடினால் எந்த எண்ணையும் எப்படியும் வளைத்துவிடலாம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 48 நாள் மரக்கறி உணவு, பலகாரம் இல்லை, தினமும் கோயிலுக்கு நடை. இவையே சீனியைக் குறைக்கக்கூடியவை. எண் குறைந்தால் காரணம் வேண்டுதலா உணவா என்று அந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது. 'சாமி குறைத்தது', 'சாமிக்குச் சம்பந்தமே இல்லை' என்ற இரண்டுமே கையில் இருக்கும் சான்றைத் தாண்டிய பேச்சு. 'விரத வாழ்க்கை ஒத்துக்கொண்டது, தொடரலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செயலைப் பாதுகாப்பாக்குங்கள்

மருந்துப் பட்டியலோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்துக்கு) போய், விரத நாட்களில் வேளையையும் அளவையும் எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்சுலினும் கிளிக்லசைடு மாத்திரையும் வெறும் வயிற்றில் சீனியை அபாயமாக இறக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

விரதத்தின்போது இரத்தச் சீனி லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் விரதத்தை அப்போதே முடித்துவிடுங்கள். 15 கிராம் சீனியை, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலைக் குத்திச் சீனியைப் பாருங்கள். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது எளிது. அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள், அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் உணர்ச்சி மங்கியிருக்கிறது. அந்தக் காலோடு வெயிலில் தார்ச்சாலையில் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது, அது புண்ணாகிச் சீழ் பிடிக்கும். அப்படிப்பட்டவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பால் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குடத்தின் எடை தனி. முழுக் குடத்துக்குப் பதில் சிறு செம்பு எடுக்கலாமா, படி ஏறாமல் செலுத்தலாமா என்று குருக்களிடம் கேளுங்கள். அம்மாவையே கேட்க வையுங்கள். பிள்ளை சொன்னால் தடையாகத் தெரிவது, குருக்கள் சொன்னால் அனுமதியாகத் தெரியும்.

ஆபத்து நீங்கியபின் எஞ்சுவது நன்றி மட்டுமே. அதற்குச் சான்று கேட்கும் பகுத்தறிவாளர் தன் அளவையைப் பொருந்தாத இடத்தில் வைக்கிறார். உடன் நடந்து தண்ணீர் பாட்டிலைச் சுமப்பதால் அவருடைய கொள்கைக்கு ஒரு குறையும் வராது.

பணக் கணக்கில் சாமியை இழுக்காதீர்கள்

நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் நாலு நம்பர் குலுக்கல் விஷயத்தில் நாங்கள் கடுமையாகவே பேசுவோம். கனவில் வந்த எண், கோயிலில் 'கிடைத்த' எண், விபத்தான காரின் எண் என்று புதன், சனி, ஞாயிறு வரிசையில் நிற்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 'பெரிய' (பிக்) பந்தயத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு 180 வீதம் பத்து, ஆறுதல் பரிசு 60 வீதம் பத்து. மொத்தம் 6,400. எண்களோ 10,000. போடும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் சராசரியாகத் திரும்புவது 64 சென்தான். ஒரு குலுக்கலுக்கு 10 ரிங்கிட், வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 1,560 ரிங்கிட் போகும்; அதில் சராசரியாக 560 ரிங்கிட் திரும்பி வராது.

கனவு பலிக்கிறது என்று தோன்றுவதற்குக் காரணம், பலித்தது மட்டும் நினைவில் நிற்பது. சோதனை இதுதான்: காலையில் பசியாறும் முன் கனவு எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள், பணம் கட்டாதீர்கள், 100 குலுக்கல்கள் வரை முடிவுகளை எதிரே குறியுங்கள். எந்த எண்ணை எழுதினாலும் ஏதாவது ஒரு பரிசு விழ வாய்ப்பு 10,000-இல் 23. அதனால் 100-இல் ஒன்று விழுந்தால் அது அதிசயம் ஆகாது. குலுக்கல் முடிந்தபின் எண்ணைத் திருப்பிப் போட்டு, 'இதுதான் அது' என்று சேர்த்தால் நோட்டு வீண்.

ஒத்துப்போகாதபோது

எல்லாம் பார்த்தும் வீட்டில் இருவர் உடன்படாமல் இருக்கலாம். அப்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் தரட்டும்: 'எதைப் பார்த்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்?' பதில் இருந்தால் அதைப் போய்ப் பாருங்கள். 'எதைப் பார்த்தாலும் மாட்டேன்' என்று வந்தால், அந்த விஷயத்தில் விவாதம் வேண்டாம். செலவும் ஆபத்தும் யார்மேல் விழுகிறது என்பதை மட்டும் பேசுங்கள். தன் உடம்பு, தன் பணம் என்றால் முடிவு அவருடையது. பிள்ளையின் மருந்தோ படிப்புக் காசோ என்றால் அளந்து பார்த்தது சொல்வதுதான் முடிவு. அதில் பெரியவர்களுக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.