கையில் துகள் இருந்தால் சுட்டவர் அவர்தானா?

துப்பாக்கியால் சுடுகையில் தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டிக் கலவை வெடிக்கும்போது அதிலுள்ள ஈயமும் பேரியமும் ஆன்டிமனியும் ஆவியாகி, உடனே குளிர்ந்து நுண்ணிய உருண்டைத் துகள்களாகச் சுட்டவர் கையில் படிகின்றன. பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் சிறியவை. பசைப்பட்டையால் கையை ஒற்றியெடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடுவார்கள்.

துகள் கிடைத்துவிட்டதென்றால் சுட்டது இவர்தான் என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. பக்கத்தில் நின்றவர் மீதும் அது படியும். கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்தவர் கையிலும் ஒட்டும். கைது செய்யும் காவலரே ஆயுதம் ஏந்துபவர். அவர் கையிலிருந்தும் வண்டி இருக்கையிலிருந்தும் அது தாவக்கூடும்.

லண்டனில் 1999 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, சந்தேகத்துக்குள்ளான பேரி ஜார்ஜிடம் கைப்பற்றிய மேலங்கியின் பைக்குள் ஒரே ஒரு துகள். அவருக்கு 2001இல் ஆயுள் தண்டனை கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் துகள் கொலைத் துப்பாக்கியிலிருந்து வந்திருக்கவும் வேறெங்கிருந்தோ வந்திருக்கவும் ஒரே அளவு வாய்ப்புதான் என்று பிறகு தெரிந்தது. 2007இல் தண்டனை ரத்தாகி, 2008 மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். ஒரு துகள், எட்டாண்டுச் சிறை!

துகள் இல்லையென்றால் நிரபராதி என்பதும் இதே அவசரம்தான். நடமாடும் மனிதரின் கையில் அது சில மணி நேரமே தங்கும். ஆகவே முதலில் கைரேகை எடுத்துவிட்டு, தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பிறகு மாதிரி எடுப்பதில் பயனில்லை. சடலத்தின் கைகளுக்குக் காகித உறை போடுவதே முறை. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.

நிறம் மாறியதை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. 1933இல் அமெரிக்காவில் அறிமுகமான பாரஃபின் சோதனையில், கையில் பூசி உரித்தெடுத்த மெழுகு வார்ப்பில் டைபீனைலமீன் கரைசல் பட்டு நீலமானால், வெடிமருந்திலிருந்து வரும் நைட்ரேட் உண்டு என்று பொருள். புகையிலை, உரம், சிறுநீர் பட்ட கைக்கும் அதே நீலம்தான். துப்பாக்கியைப் பிடித்ததற்கான இரும்புத் தடயத்தை ஊதாவாகக் காட்டும் சோதனையும் உண்டு. சுத்தியல் பிடித்த கையும் ஊதாவாகும் என்பதால் கறையின் வடிவத்தைப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் கைதான ஆஸ்வால்டின் கைகளில் நீலம் தெரிந்தது, கன்னத்தில் இல்லை. ரைஃபிளைக் கன்னத்தோடு அணைத்துத்தான் சுடுவார்கள்; அந்தக் கன்னம் சுத்தமாக இருந்ததால் அவர் ரைஃபிளைச் சுடவில்லை என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. அதே ரைஃபிளை எஃப்.பி.ஐ. மூன்று முறை சுட்டுச் சோதித்தது. சுட்டவரின் கன்னத்தில் மட்டுமல்ல, கைகளிலும் நீலம் தெரியவில்லை.