உள்ளே துணி விடாத தையலும் வேறு சில தவறுகளும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுக் கூடம் தையல் கடையாகிவிடும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கிற இளம் அம்மாக்கள் துணியும் கையுமாக வருவார்கள். யூடியூப் பார்த்துப் பழகியவர்கள்தான், ஆனால் கைச் சுத்தம் அபாரம். என்னைவிட நேராகத் தையல் ஓட்டுகிறவர்கள்கூட உண்டு. இருந்தும் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள்.

துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள், துணிக் கத்தரியால் காகிதம் வெட்டாதீர்கள், பாபினில் நூல் இருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் எந்த வீடியோவும் முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிடும். அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

உள்துணியை வெட்டி எறிவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது ஒன்றுதான்.

ஒரு பெண் மாமியார் கொடுத்த காஞ்சிபுரம் சேலையில் ஆறு வயது மகளுக்குப் பாவாடை சட்டை தைத்துக்கொண்டு வந்து காட்டினாள். அரக்குப் பட்டு, ஒரு சாண் ஜரிகைக் கரை. வெளியே பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எனக்கு எந்த உடுப்பைக் கையில் வாங்கினாலும் முதலில் உள்புறம் திருப்பிப் பார்க்கிற வழக்கம். திருப்பினேன். பக்கத் தையலுக்கு அப்பால் கால் இஞ்ச்கூட இல்லை, அதுவும் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைப்பது) அடித்து மழமழவென்று இருந்தது.

"மிச்சத் துணி எங்கம்மா?"

"மெசின்ல கத்தி இருக்குல்லக்கா, அதுவே வெட்டிருச்சு. கடையில வாங்குன மாதிரி நீட்டா இல்ல?"

நீட்டாகத்தான் இருந்தது. அடுத்த தீபாவளிக்குக் கொக்கி மாட்டவில்லை, பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிரித்து விடலாம் என்றால் பிரிப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை. சேலையும் போச்சு.

வெளிநாட்டு வீடியோக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தை, பிறகு பாதியாக வெட்டு, ஓரத்தை ஓவர்லாக் செய் என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. குழந்தை வளர்ந்தால் அடுத்த அளவு பேட்டர்னை எடுத்து வேறு கவுன் தைப்பார்கள். நம் வீட்டில் ஒரு பட்டுப் பாவாடை தீபாவளிக்கு வரும், பொங்கலுக்கு வரும், அக்கா மகள் சடங்குக்கு வரும், அடுத்த வருடம் கோயில் திருவிழாவுக்கும் வரும். அதன் பிறகு தங்கச்சிக்குப் போகும். நாலு வருடம் உழைக்க வேண்டிய உடுப்பை ஒரு வருடத்துக்குத் தைத்தால் எப்படி?

கணக்கு சின்னதுதான். பள்ளிக்குப் போகிற வயதில் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் இரண்டு இஞ்ச் உயரம் வளர்வார்கள். மார்புச் சுற்றளவு அதைவிட மெதுவாகத்தான் கூடும். சட்டையில் முன்பக்கத்துண்டு, பின்பக்கத்துண்டு இரண்டிலும் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ஓரம். ஓரத்துக்கு ஒரு இஞ்ச் கூடுதலாக விட்டால் மொத்தச் சுற்றில் நாலு இஞ்ச் கையிருப்பு. ஒரு குழந்தைச் சட்டைக்கு இது தாராளம்.

இங்கேதான் பாதிப் பேர் இன்னொரு கோட்டை விடுகிறார்கள். உடம்புத்துண்டில் விடுவார்கள், கைத்துண்டில் விடமாட்டார்கள். அடுத்த வருடம் பக்கத்தைப் பிரித்தால் அக்குள் வளைவு பெரிதாகிவிடும், கை பழைய அளவிலேயே நிற்கும், இரண்டும் சேராது. கையின் இரண்டு ஓரத்திலும் அதே ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். தைக்கும் வரிசையும் முக்கியம். கையை முதலில் குழாய் மாதிரி மூடிவிட்டு அக்குளில் வட்டமாகப் பொருத்தக் கூடாது. தோள் மூட்டிய உடனே கையை விரித்தபடி வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கை நுனியிலிருந்து அக்குள் வழியாகச் சட்டையின் அடி வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல் போடுங்கள். நம் ப்ளவுஸ் தைக்கிற கடைக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஒரு தையலைப் பிரித்தால் கை, அக்குள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒன்றாக இளகும்.

பருத்தித் துணி என்றால் அரை இஞ்ச் இடைவெளியில் இரண்டு மூன்று தையல் வரிசையாகப் போட்டு வையுங்கள். ஆள் வளர வளர உள்வரிசையை மட்டும் உருவினால் போதும், அடுத்த தையல் தயாராக இருக்கும். பட்டுக்கு இது ஆகாது. பருத்தியில் ஊசித் துளை ஒரு சலவையில் மூடிக்கொள்ளும், பட்டில் அப்படியே நிற்கும். அதனால் பட்டுக்கு ஒரே வரிசை, 9 அல்லது 11 நம்பர் மெல்லிய ஊசி.

பாவாடைக்கு டக் பிடிப்பது, அதாவது நீளத்தைக் குறுக்கே மடித்துத் தைத்து வைப்பது. இது நம் பாட்டிமார் வேலை. அலங்காரம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு இஞ்ச் ஆழத்துக்கு டக் பிடித்தால் உள்ளே இரண்டு இஞ்ச் நீளம் மறைந்திருக்கும். கரைக்கு மேலே அப்படி இரண்டு பிடித்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு நீளக் கவலை இல்லை. டக்கை மட்டும் பெரிய தையலாக, 4 மில்லிமீட்டரில் ஓட்டுங்கள். பிரிப்பது சுலபம், தழும்பும் குறைவு. லைனிங்குக்கும் அதே அளவு டக் வேண்டும். வெளித்துணியில் மட்டும் பிடித்து, அவிழ்த்த பிறகு லைனிங் முழங்காலோடு நின்றுபோன பாவாடைகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய சேலையில் தைக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: வருடக்கணக்கில் மடித்து வைத்திருந்த கோட்டில் பட்டு நைந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அந்தக் கோடு டக்கின் தையலிலோ பக்கத் தையலிலோ வராதபடி வெட்டுங்கள்.

ஓவர்லாக் மெசினை நான் எதிர்க்கவில்லை. வீட்டு மெசின்களில் பெரும்பாலும் கத்தியை இறக்கி ஒதுக்கி வைக்க வழி இருக்கும், கையேட்டில் பாருங்கள். கத்தியை ஒதுக்கிவிட்டு ஓரத்தை மட்டும் அடியுங்கள். மெசின் இல்லாதவர்கள் கடையில் கொடுத்து ஜாஹித் தெப்பி (மலாயில் ஓரத் தையல்) செய்வோம். கொடுக்கும்போதே "ஜாங்ஙான் போத்தோங்" (வெட்டாதீர்கள்) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னாலும் கடை மெசின் ஒரு நூலாவது சீவித்தான் தள்ளும், அதற்காகக் கால் இஞ்ச் கூட்டியே வெட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சாதாரண மெசினில் ஜிக்ஜாக் போதும். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? என்னைத் தவிர.

மலாய்ப் பெண்கள் உடுக்கும் நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங் தைப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. அது முதலிலிருந்தே தொளதொளப்பு, அகலம் பிடிக்க நாளாகும். முதலில் நீளந்தான் குறையும். 45 இஞ்ச் அகலத் துணியில் 4 மீட்டர் வாங்குவது வழக்கம். பிள்ளைக்குத் தைக்கும்போது அதில் மிச்சம் நிறைய வரும். அந்த மிச்சத்தைக் கைப்பை தைக்க எடுத்து வைக்காமல், மேல்சட்டையின் அடியிலும் கை நுனியிலும் மூன்று இஞ்ச் மடித்துக் கையால் தைத்துவிடுங்கள். பள்ளிச் சீருடைக்கும் இதே மடிப்புதான். இறக்கிவிடும்போது பழைய மடிப்புக் கோடு தெரிந்தால், வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கோட்டின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. ஜரிகையின் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதா? அந்தப் பட்டுச் சட்டையைக் கடைசியில் காப்பாற்றியதே கூரோங்தான். கூரோங்கில் அக்குளுக்கு அடியில் கெக்கெக் என்று ஒரு சின்னச் சதுரத்துண்டு இருக்கும். அதற்குக் கீழே பெசாக் என்ற பக்கத்துண்டு. சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிரித்து, மஸ்ஜிட் இந்தியா கடைவீதியில் ஜரிகை நிறத்துக்கு ஒத்த மாம்பழ மஞ்சள் பட்டு அரை மீட்டர் வாங்கி, இதே இரண்டு துண்டையும் சின்னதாக வெட்டி வைத்தோம். வேண்டுமென்றே வைத்த அலங்காரம் மாதிரி அமைந்தது. பாவாடைக்கு அதே மஞ்சளில் அடியில் ஒரு பட்டை. இம்முறை உள்ளே துணி விட்டாளா என்று நானே நின்று பார்த்தேன்.

ஊசியை மாற்றாமலே ஓட்டுவது

மெசின் வாங்கியபோது மாட்டியிருந்த ஊசியிலேயே பட்டும் தைப்பார்கள், ஜீன்ஸும் தைப்பார்கள். பட்டில் நூல் இழுத்துக்கொள்ளும், பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழும். உடனே "மெசின் கெட்டுப்போச்சு" என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16, பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. பெரிய உடுப்பு ஒன்று முடிந்தால் ஊசியை மாற்றிவிடுங்கள். பாக்கெட் ஒன்று சில ரிங்கிட்தான்.

மெசினுக்குத் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். பிசின் மாதிரி இறுகிவிடும்.

குரோஷேயில் நூலைப் பாதியில் வாங்குவது

கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷேயில் கைத் தவறு எதுவானாலும் எனக்குக் கவலை இல்லை, இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் வாங்குவதில் செய்கிற தவறுதான் காசைக் கரைக்கும்.

குழந்தைப் போர்வைக்கு ஐந்து உருண்டை வேண்டும் என்றால் இரண்டை வாங்கி ஆரம்பிப்பார்கள். "போதாட்டி அப்புறம் வாங்கிக்கலாம்." ஒவ்வொரு உருண்டையின் லேபிளிலும் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் தொகுதி மாறினால் சாயம் ஒரு சாயல் தள்ளிப்போகும். கடை விளக்கில் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் காயப்போடும்போது, நடுவில் கோடு கிழித்த மாதிரி பளிச்சென்று தெரியும். மொத்தத்தையும் ஒரே தொகுதியில், ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். மாட்டிக்கொண்டால் பழையதையும் புதியதையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கண் ஏமாந்துவிடும்.

அடுத்தது அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். மலிவு, நிறமும் அழகு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கோலாலம்பூர் வெயிலில் அக்ரிலிக் சட்டை போட்ட குழந்தை அரை மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பிக்கும். 'மில்க் காட்டன்' என்று விற்பதை முழுப் பருத்தி என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். பல ரகங்களில் அக்ரிலிக் கலந்திருக்கும், லேபிளைத் திருப்பிப் படியுங்கள். உடம்பில் படுகிற உடுப்புக்குப் பருத்தி நூல். அதிலும் ஒரு குணம் உண்டு, தன் கனத்துக்கே தொய்ந்து நீளும். பின்னிய சட்டையை ஹேங்கரில் தொங்கவிடாமல் மடித்து அடுக்குங்கள். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பாக்கெட் ஒன்றும் கூடவே, இந்த ஊர் ஈரக்காற்றில் மடித்த பருத்தி பூசணம் பிடித்துவிடும்.

அக்ரிலிக் பின்னலுக்கு இஸ்திரி

ஒரு தடவை சூடு பட்டால் துவண்டுபோகும், பழைய நிலைக்குத் திரும்பாது.

பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண்

பாதுகாப்புக் கண் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். உள்ளே வாஷர் வைத்து இறுக்குவதுதான். ஆனால் குரோஷேப் பின்னல் இழுத்தால் விரியும். பல் முளைக்கிற குழந்தை கடித்து இழுத்தால் வாஷரோடு சேர்ந்து வெளியே வரலாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். மணி, பொத்தான் எதுவும் வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சித்திக்குச் சரி சொல்வது

கையில் ப்ளவுஸ் துணியோடு வருவார். முறுக்கும் கொண்டுவருவார். முறுக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.