எந்த ஆசிரியர் சங்கத்தில் சேர்வது? வடசென்னையில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு

புதிதாகப் பணியில் சேர்ந்தவரைத் தேடி முதல் சம்பளம் வருவதற்கு முன்பே சங்கத்துக்காரர்கள் ரசீது புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். அதிலும் ஸ்டாஃப் ரூமில் மூத்தவர் ஒருவர் "நம்ம சங்கம்தான் சார், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினால் மறுக்க வாய் வராது. மறுக்கவும் வேண்டாம், "ஒரு வாரம் டைம் கொடுங்க சார்" என்றால் போதும்.

அந்த ஒரு வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஃபைல் எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்பதுதான். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நாலு தெருவுக்குள் மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றும் இருக்கும், ஆனால் மூன்றிலும் ஆசிரியரின் பாடு வேறு. மாநகராட்சி ஆசிரியரின் ஃபைல் போவது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு. உதவி பெறும் பள்ளியில் நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு, நடுவில் நியமன ஒப்புதல் வராமல் மாதக்கணக்கில் தொங்குகிறவர்கள் உண்டு. ஆகவே உங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி போய்வருகிற ஆட்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது பதவி. இடைநிலை, பட்டதாரி, முதுநிலை என்று தனித்தனிச் சங்கங்கள், 2012இல் எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தனி அமைப்பு. இத்தனை எதற்கு என்று தலை சுற்றும், காரணம் இல்லாமல் இல்லை. பதவி உயர்வில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் இன்னொருவருக்குப் போகாத இடம். இடைநிலைக்குள்ளேயே 1.6.2009க்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 5,200 என்று ஆனது, ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். பாதிக்கப்பட்டவர்கள் தனி இயக்கமாகத் திரண்டது அதனால்தான். பழைய ஓய்வூதியம் மாதிரி எல்லாருக்கும் பொதுவான கோரிக்கை என்றால் பல சங்கங்கள் ஜாக்டோ-ஜியோ என்ற ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பின் குடையின் கீழ் ஒன்றாக வரும்.

இனி சந்தா. ஆண்டுச் சந்தா எங்கும் உண்டு, சிலவற்றில் ஆயுள் சந்தாவும் வைத்திருப்பார்கள். எடுத்த எடுப்பில் ஆயுள் சந்தா கட்டாதீர்கள் என்பேன், பதவி உயர்வு வந்தால் சங்கமே மாறிப்போகலாம். ரசீதில் பெயர், பதவி, பள்ளி, ஆண்டு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சங்கத் தேர்தலில் ஓட்டுப் போட அந்தத் துண்டுத்தாள்தான் சாட்சி. விதிமுறைப் புத்தகத்தையும் கேளுங்கள். கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது, வரவு செலவு எங்கே படிக்கப்பட்டது என்று கேட்டதும் முகம் சுளித்தால், சரி, வேறு சங்கம் பார்க்கலாம்.

என் அளவுகோல் ஒன்றுதான்: வட்டாரப் பொறுப்பாளர் போனை எடுக்கிறாரா? ஊதிய உயர்வு விட்டுப்போனாலோ பணிப்பதிவேட்டில் விடுப்பு தப்பாக ஏறினாலோ கூடவே அலுவலகத்துக்கு வந்து கிளார்க் மேசை முன் நிற்கிற ஆள்தான் சங்கம். மேடையில் முழங்குகிறவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலைநிறுத்தம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: உறுப்பினர் என்பதாலேயே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் விளைவு தெரிந்து இறங்குங்கள். 2003இல் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமை வேறு, அது அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது.

தனியார் பள்ளிக்காரர்கள் நிலைமைதான் சங்கடம். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988லேயே தீர்ப்பு வந்துவிட்டது, நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அடுத்த ஜூனில் வேலை இருக்காது என்ற பயமும் நியாயமானதே. அதனால் பள்ளிக்கு வெளியே இயங்குகிற தனியார் பள்ளி ஆசிரியர் அமைப்பாகப் பார்த்துச் சேருங்கள், ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் பற்றிப் பேசாதீர்கள். நியமன ஆணை, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட், பி.எஃப். எண் மூன்றையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஐந்தாண்டு முடித்த தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. வேலையை விடும்போது அதைக் கேட்டு வாங்க இந்தக் காகிதங்கள் வேண்டும், மனு எழுதித்தர சங்கத்தில் ஆள் இருப்பார்.