நாள்பட்ட வலியோடு படிக்கும் பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் சலுகை பெறுவது எப்படி

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மகளுக்கு, பிள்ளைகளின் மூட்டுகளைத் தாக்கும் சிறார் முடக்குவாதம் இருப்பது தெரியவந்தது. காலையில் விரல்கள் விறைத்து, டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறக்க முடியாமல் தவிப்பாள். அதே பிள்ளை சாயங்காலம் சைக்கிள் மிதிப்பாள். இந்த ஏற்ற இறக்கம்தான் பள்ளியில் எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. "நேத்து நல்லாத்தானுங்க ஓடியாடிட்டு இருந்தா?" என்று வகுப்பாசிரியர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வலியை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது, ஆனால் வலியால் எழுத்து தடுமாறத் தொடங்கும் நிமிடத்தைக் காட்ட முடியும் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. சலுகை கேட்கும் விண்ணப்பம் அந்த நிமிடக் கணக்கின் மேல்தான் நிற்க வேண்டும்.

ஆகவே, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அலைவதற்கு முன், வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தாளின் ஓரத்தில் மணியைக் குறித்து வாருங்கள். என் மகளின் தாளில் முதல் நாற்பது நிமிடம் எழுத்து கோட்டின் மேல் நின்றது. ஒரு மணி நேரம் கடந்ததும் 'ழ'வின் சுழி பிரிந்து, வரிகள் கீழே சரிந்தன. ஒன்றரை மணி நேரத்தில் பேனாவை விரல்களால் பிடிக்க முடியாமல், கைமுட்டிக்குள் இறுக்கி வைத்து எழுதியிருந்தாள். அந்த ஒரு தாள், நான் அதுவரை பேசிய எல்லாப் பேச்சையும்விடத் தலைமையாசிரியரிடம் அதிகம் பேசியது. இதோடு ஒரு நோட்டில் மூன்று மாதத்துக்கு, காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பாடவேளையில் எழுத்து நின்றது, எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையே உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட வலி என வகைப்படுத்துகிறது என்பதால், அந்தக் கால அளவுக்கு மருத்துவரிடமும் மதிப்பு இருக்கும்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஊனங்களை 21 வகைகளாகப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் வலிக்குக் காரணமான நோய் பல நேரங்களில் அந்தப் பட்டியலுக்குள் எங்காவது வரும்: மூட்டு பாதிப்பை இயக்கக் குறைபாடாக மதிப்பிடலாம், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா தனி வகையாக இருக்கிறது, நீலகிரியிலும் அதன் அடிவாரத்திலும் பழங்குடிப் பிள்ளைகளிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயும் தனி வகைதான். மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் (எழுத்தர்), மொழிப்பாட விலக்கு போன்ற தேர்வு மாற்றங்களை அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 40 விழுக்காடு ஊனம் இருந்தால்தான் எழுத்தர் கிடைப்பார் என்று யாராவது சொன்னால், அந்த வரம்பை ஒரு தடையாக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அதைத் தொடர்ந்து மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளையும் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலி போலப் பட்டியலுக்குள் அடங்காத நோய் என்றால் பொதுத் தேர்வுச் சலுகை பெறுவது கடினம். ஆனாலும் பள்ளி நடத்தும் தேர்வுகளில் தலைமையாசிரியரால் செய்து தர முடிந்தவை ஏராளம்.

மருத்துவச் சான்றில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. "ஓய்வு தேவை" என்று ஒரு வரி எழுதி வாங்கிய தாளால் எந்தப் பயனும் இல்லை. நோயின் பெயர், எப்போதிலிருந்து இருக்கிறது, எந்த மூட்டு பாதிக்கப்பட்டுள்ளது, தொடர்ந்து எவ்வளவு நேரம் எழுதவோ உட்காரவோ முடியும், அதற்கு என்ன சலுகை தேவை என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலும், பொதுத் தேர்வுக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டியிருக்கும். நோட்டு, நேரம் குறித்த தேர்வுத்தாள், பழைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரையும் பாருங்கள். மருத்துவ முகாம் எப்போது நடக்கும் என்பதையும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் விதத்தையும் அவர் சொல்வார்.

என்ன கேட்பது என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள், ஏனெனில் எல்லா வலிக்கும் ஒரே சலுகை பொருந்தாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது விரல் வலி உள்ள பிள்ளைக்கு வரம். முதுகு வலி உள்ள பிள்ளைக்கோ சாய்மானம் இல்லாத பெஞ்சில் இன்னொரு மணி நேரம் உட்கார வேண்டிய தண்டனை. அத்தகைய பிள்ளைக்குச் சாய்மானமுள்ள நாற்காலி, தரைத்தளத்து அறை, நடுவில் எழுந்து நிற்கவும் நடக்கவும் அனுமதி ஆகியவற்றை முதலில் கேளுங்கள். எழுத்தர் வேண்டுமென்றால், விடையை வாயால் சொல்வது தனிப் பயிற்சி என்பதை மறக்க வேண்டாம். கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரியாமல் என் மகள் முதல் வாரம் அழுதேவிட்டாள். காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் அதே சலுகையோடு எழுதவைத்தால்தான் கை பழகும், பள்ளிக்கும் பழகும்.

விண்ணப்பத்தை ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். அது அவர் வழியாகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும் என்பதால், தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் தயாராகும் நேரத்தில் ஒருமுறை நேரில் போய் நினைவூட்டுங்கள். கடிதத்தின் மையம் இப்படி இருக்கலாம்: "என் மகளால் தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் எழுத இயலாது என்பதை இணைத்துள்ள சான்றும் தேர்வுத்தாளும் காட்டும். ஆகவே ஒரு மணி நேரம் கூடுதல் நேரமும், தரைத்தளத்து அறையும் வழங்கப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன்." பதிலே வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அந்த நகலை வைத்து மனு கொடுக்கலாம்.

ஆணை வந்ததும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளையை மையத்துக்கு அழைத்துப்போய், அந்தப் பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதன்மைக் கண்காணிப்பாளரிடம் ஆணையைக் காட்டிவிடுங்கள். வலி மாத்திரையால் தூக்கம் வருமா என்பதை அரையாண்டிலேயே பார்த்துவிட வேண்டும். தேர்வு நாளன்று காலையில் புது மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.