மிளகாய் விதையா, ஊமத்தை விதையா? போதைத் தாவரங்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டு முற்றங்களில் குண்டு மிளகாய் காயும் பருவத்தில், வேலியோரத்து ஊமத்தங்காய்களும் வெடித்து விதை சிந்தியிருக்கும். இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், காய்ந்த விதைகளை மேலோட்டமாகப் பார்த்து முடிவு சொல்வதே முதல் தவறாகிறது. மிளகாய் விதை வெளிர்மஞ்சளாக, மெல்லியதாக, வட்டமாக இருக்கும். ஊமத்தை விதை பழுப்பாக, தடித்து, சிறுநீரக வடிவில், மேற்பரப்பில் நுண்குழிகளுடன் இருக்கும். குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், மிளகாயின் கரு ‘6’ போல உட்புறம் சுருண்டும், ஊமத்தையின் கரு முனையில் வெளிப்புறம் வளைந்தும் தெரியும். காரம் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம்; கைவிட வேண்டிய வழக்கமும்கூட.

விதை மசாலாவோடு அரைபட்டுவிட்டால் உருவம் உதவாது. அப்போது செய்யப்படும் விட்டாலி சோதனை என்ற வேதிச் சோதனையின் ஊதா நிறம், ஊமத்தையின் நச்சுப்பொருள்களான ஹயோசயமின், அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய மூன்றுக்குமே வரக்கூடியது. எது என்று அது பிரித்துச் சொல்லாது.

கஞ்சாவில் தவறு பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகிறது. ஈரமான செடியைப் பாலித்தீன் பையில் கட்டி, நம் ஊர்க் கோடையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகித உறையே ஏற்றது. ஈர எடையா உலர் எடையா என்று மஹஜரில் (கைப்பற்றல் பதிவில்) குறிக்காமல் விட்டால், 1 கிலோ (சிறு அளவு), 20 கிலோ (வணிக அளவு) என்ற சட்ட எல்லைகளை ஒட்டிய வழக்கில் பின்னர் தகராறு வரும். 2022-ஆம் ஆண்டு போதைப்பொருள் மாதிரி எடுப்பு விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் இரட்டை மாதிரி எடுக்க வேண்டும்; கஞ்சாவுக்கு ஒவ்வொன்றும் 24 கிராமுக்குக் குறையக் கூடாது.

கஞ்சாவுக்கான நிறச் சோதனையான டூக்கனாய்-லெவின் சோதனையில் குளோரோஃபார்ம் அடுக்கு ஊதாவாவதைக் கண்டதும் அறிக்கை எழுதிவிடுவது அடுத்த தவறு. கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத கன்னாபிடியாலும் அதே நிறத்தைத் தரும். நுண்ணோக்கியில் இலையின் மேற்புறத்துக் கரடிநக வடிவ மயிர்களைப் பார்த்தால் மட்டும் போதாது, ஏனெனில் அத்திக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றிலும் அத்தகைய மயிர்கள் உண்டு. அதே இலையின் அடிப்புறத்து நீண்ட மெல்லிய மயிர்களையும், பிசின் சுரப்பிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கருவி சொன்னதென்று கண்மூடி ஏற்பதும் சரியன்று. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், போதை தராத கன்னாபிடியால் இரண்டின் மூலக்கூறு நிறையும் 314 தான். தங்கு நேரத்தை (பொருள் கருவியைக் கடக்க எடுக்கும் நேரத்தை) தரமாதிரியோடு ஒப்பிடாத நிறை நிறமாலை முடிவு அரைகுறையானது. மேலும், கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபியின் சூடு செடியிலுள்ள அமில வடிவத்தையும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலாக மாற்றிவிடும். ஆகவே பச்சைச் செடியில் எவ்வளவு இருந்தது என்ற கேள்விக்குத் திரவ குரோமட்டோகிராஃபிதான் விடை தரும்.

கடைசியாக, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று குறிப்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. எனவே வேதிப்பொருள் இருந்தது என்பதோடு நிறுத்தாமல், பூநுனிகள் காணப்பட்டனவா என்பதையும் அறிக்கையில் தனி வரியாக எழுத வேண்டும்.